நோட்டை அப்புறம் எடுக்கலாம்: வீட்டுல பாட்டும் ஹிந்தியும் சொல்லிக் குடுக்கப் போற தங்கச்சிக்கு

வாசல்ல ஒரே போர்டு. மேல் வரியில பாட்டு கிளாஸ், கீழ் வரியில ஹிந்தி டியூஷன். நாலரை மணிக்கு ஒரு கூட்டம், ஆறு மணிக்கு இன்னொரு கூட்டம்னு நேரத்தையும் பிரிச்சாச்சு. நல்லது. ஆனா ரெண்டையும் ரெண்டு வேலையா மட்டும் நினைச்சுக்காதே. சொல்லிக் குடுக்கிற முறை ரெண்டுக்கும் ஒண்ணுதான்: முதல்ல காதுல விழணும், அப்புறம் வாயில வரணும், கடைசியிலதான் நோட்டு. பல வீட்டு கிளாஸ்கள்ல இது தலைகீழா நடக்குது. பிள்ளை வந்து உட்கார்ந்ததும் "நோட்டை எடு, எழுதிக்கோ". முக்கால் மணி நேர கிளாஸ்ல அரை மணி எழுதறதுலயே போயிடும். வீட்டுக்குப் போனா அம்மாவுக்கும் திருப்தி, பக்கம் நிரம்பியிருக்கே! ஆனா "எங்கே, இன்னிக்குக் கத்துக்கிட்டதைச் சொல்லு"ன்னா பிள்ளை நோட்டைத் தேடும்.

நான் சொல்றதெல்லாம் கூடத்துல பாயைப் போட்டு நாலஞ்சு பிள்ளைங்களை வச்சு நடத்தற கிளாஸுக்கு. நாற்பது பேர் உட்கார்ற இடத்துக்கு இது ஒத்துவராது.

சாப்பிட்டானா, பாடினானா?

ஹிந்தியில ஆரம்பிக்கிறேன். நம்ம பிள்ளைங்க செய்யற முதல் காரியம், புத்தகத்துல ஹிந்தி வரிக்குக் கீழே பென்சிலால தமிழ்ல உச்சரிப்பை எழுதி வச்சுக்கிறது. வாசிக்க வசதியா இருக்கேன்னு நாமும் கண்டுக்காம விட்டுடுவோம். விடாதே. "கானா காயா"ன்னு எழுதிக்கிட்டா, சாப்பாடு சாப்பிட்டான்னும் படிக்கலாம், பாட்டுப் பாடினான்னும் படிக்கலாம். ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே எழுத்துதான் விழும். தமிழ்ல க ஒண்ணு, ஹிந்தியில நாலு. அழுத்தி மூச்சு விட்டுச் சொல்ற ரெண்டு க-தான் நம்ம பிள்ளைங்களுக்கு வராது. காந்தின்னு சொல்ற க யாரும் சொல்லாமலே வந்துடும்.

இதுக்கு ஒரு சின்ன வேலை இருக்கு. டிஷ்யூ பேப்பரை நீளமாக் கிழிச்சு பிள்ளையோட வாய்க்கு முன்னால தொங்கவிடு. சாதாரண க சொன்னா பேப்பர் அவ்வளவா அசையக் கூடாது. மூச்சோட சொல்ற க-வுக்குத் துள்ளணும். ஒரு கிளாஸ் முழுக்க இதையே விளையாட்டா வச்சுக்கோ. ச, ட, த, ப எல்லாத்துக்கும் இதே வித்தைதான். மறுநாள் பேப்பரை எடுத்துட்டு உள்ளங்கையை வச்சுக்கச் சொல்லு. நாக்குக்குப் பழகின பிறகு எழுத்தைக் காட்டினா அந்த எழுத்து அவனுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு சத்தத்தோட படமா இருக்கும்.

எழுதியே ஆகணும்னு அடம் பிடிக்கிற பிள்ளைக்கு வழி நம்ம பாட்டுப் புத்தகத்துலயே இருக்கு. தெலுங்கு, சம்ஸ்கிருத சாகித்யத்தைத் தமிழ்ல அச்சடிக்கிறப்போ எழுத்துக்குப் பக்கத்துல பொடியா 2, 3, 4ன்னு எண் போட்டிருப்பாங்களே, அதேதான். கா2னா கா2யா சாப்பாடு. கா3னா கா3யா பாட்டு. ரெண்டு கிளாஸுக்கும் வர்ற பிள்ளைக்கு இது சட்டுனு பிடிபடும்.

அடுத்தது, ஹிந்தியைத் தமிழ் வழியாச் சொல்லிக் குடு. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்கன்னு நினைச்சுக்கிட்டு நாம் இங்கிலீஷ்ல விளக்க ஆரம்பிக்கிறோம். அதுதான் வினையே. "ஐ ஆம் ஹங்க்ரி"யை மனசுல வச்சுக்கிட்டுப் பேசற பிள்ளை "மை பூக் ஹூ(ன்)"னு நிக்கும். "எனக்குப் பசிக்குது"ன்னு நினைக்கிற பிள்ளை "முஜே பூக் லகீ ஹை"க்கு நேரா வந்துடும். எனக்கு வேணும், எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், இது எல்லாத்துக்கும் அங்கேயும் "முஜே"தான். வாக்கியத்தோட ஓட்டமும் அப்படியே. மேசை மேல புத்தகம் இருக்கு. மேஜ் பர் கிதாப் ஹை. வார்த்தைக்கு வார்த்தை அதே இடம். நீங்க, நீன்னு மரியாதை பார்த்துப் பேசறதும் ஆப், தும்னு அங்கே இருக்கு. இவ்வளவு சொத்தை வீட்டுல வச்சுக்கிட்டு இங்கிலீஷ்கிட்ட கடன் வாங்க வேண்டாம். பக்கத்து ஃபிளாட் வடநாட்டுப் பிள்ளைக்கு நீ தமிழ் சொல்லிக் குடுக்க நேர்ந்தாலும் இதே பாதையில திரும்பி நடந்தாப் போதும்.

தமிழ் கைவிடற இடம் ஆண்பால், பெண்பால். நமக்கு நாற்காலியும் கதவும் அஃறிணை, அவ்வளவுதான். அங்கே அதுக்கும் பால் உண்டு. இதுக்கு விதி சொல்லி உட்காராதே. எந்த வார்த்தையையும் தனியாச் சொல்லிக் குடுக்காம, "என்னோட" சேர்த்தே வாயில போடு. கிதாப்னு சொல்லாதே, மேரீ கிதாப். கமரான்னு சொல்லாதே, மேரா கமரா. "ஈ"யில முடிஞ்சா பெண்பால்னு யாரோ சொல்லிக் குடுத்த பிள்ளை தண்ணிக்கு "டண்டீ பானீ"ன்னு சொல்லிக்கிட்டிருக்கும். "டண்டா பானீ"ன்னு ஜோடியாக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சந்தேகமே வராது. இறந்தகாலத்துல வர்ற "னே" இருக்கே, அதை முதல் வருஷம் தொடாதே. "மைனே ரோட்டீ காயீ"ன்னு முழு வரியாக் கேட்டுப் பழகட்டும், போதும். ஏன் "காயீ"ன்னு கேட்கிற வயசு வரும்போது சொல்லிக்கலாம்.

எண்கள். நூறு வரைக்கும் ஹிந்தி எண்கள் சொல்லிக் குடுக்கறது பெரிய சோதனை. நமக்கு இருபத்தொண்ணு, இருபத்திரண்டுன்னு கட்டி வச்ச மாதிரி போகும்; அங்கே கிட்டத்தட்ட ஒவ்வொண்ணும் தனி வார்த்தை. 29க்கு முப்பதுக்கு ஒண்ணு கம்மிங்கற அர்த்தத்துல உன்தீஸ், 39க்கு உன்தாலீஸ். இப்படியே போய் 79 வரைக்கும் உன் உன்னுன்னு வந்துட்டு, 89ல நவாசீன்னு கட்சி மாறிடும். இதை எழுதவிட்டா ஆறு மாசம் ஆகும். தாளம் போட்டுச் சொல்லவை. மட்ய தாளம் இருக்கில்லையா, லகு 4, திருதம் 2, மறுபடி லகு 4, மொத்தம் 10 அட்சரம்? ஒரு ஆவர்த்தனத்துக்குப் பத்து எண். ஒண்ணுல ஆரம்பிச்சு பத்துல முடிஞ்சா தாளமும் சரியா வந்து நிக்கும். பாட்டு கிளாஸ்ல அலங்காரம் வர்றப்போ இந்தத் தாளம் அந்தப் பிள்ளைக்குப் பழைய சிநேகிதம்.

சபா பரீட்சை விஷயம்

யார் எதுக்காக ஹிந்திக்கு வர்றாங்கன்னு முதல் நாளே கேட்டு வச்சுக்கோ. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்ல 1968லேர்ந்து தமிழும் ஆங்கிலமும்தான். அதனால நம்மகிட்ட வர்றவங்க வகைவகையா இருப்பாங்க. சிபிஎஸ்இ ஸ்கூல்ல ஹிந்தி பாடம் இருக்கிற பிள்ளை, அப்பாவுக்கு மாற்றல் வந்துடுமோன்னு பயப்படற குடும்பம், சபா சர்ட்டிஃபிகேட் வேணுங்கறவங்க. மூணு பேருக்கும் ஒரே பாடம் நடத்தினா மூணு பேருக்குமே உதவாது.

சபான்னா தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபா. 1918ல காந்தி முயற்சியில ஆரம்பிச்சது, அவர் மகன் தேவதாஸ் காந்திதான் முதல் பிரசாரகர். தி.நகர்ல இருக்கிற அந்த வளாகத்துக்குப் போகாத ஹிந்தி டீச்சர் சென்னையில இருக்க மாட்டாங்க. பரிசய், பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேசிகா, அப்புறம் விசாரத் ரெண்டு பகுதி, பிரவீண் ரெண்டு பகுதின்னு படிகள். பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் பரீட்சை. பெத்தவங்க அவசரம் என்னன்னா, ஆறு மாசத்துக்கு ஒரு படி ஏறிடணும். அப்படி ஏறி பிரவீண் முடிச்சுட்டு, டெல்லி ஸ்டேஷன்ல ஆட்டோக்காரர்கிட்ட இங்கிலீஷ்ல பேசற பிள்ளைங்க நிறைய உண்டு. பரீட்சை மேல தப்பில்லை. நாமதான் பரீட்சையையே பாடமா ஆக்கிடறோம். பரீட்சைக்கு முன்னால ரெண்டு மாசம் கேள்வி பதில், கடிதம், இலக்கணம்னு எழுத்து வேலை. மத்த மாசமெல்லாம் பேச்சு. இதை ஃபீஸ் வாங்கும்போதே சொல்லிடு. நடுவுல ஒரு பரீட்சையைத் தவறவிட்டா உலகம் ஒண்ணும் கவிழ்ந்துடாதுன்னும் சேர்த்துச் சொல்லு. கேட்கிற பெத்தவங்க கேட்பாங்க.

பாட்டுக்கு முதல்ல சுருதி, அப்புறம்தான் ஸ்வரம்

விஜயதசமியன்னிக்குப் புதுப் பிள்ளைங்க வரிசையா வரும். தாம்பாளம், பழம், பட்டுப்பாவாடை. அன்னிக்கே சரளி வரிசை முதல் வரியைச் சொல்லிக் குடுத்து அனுப்பறது சம்பிரதாயம், செய். மறுநாள்லேர்ந்து கொஞ்ச காலத்துக்கு ச மட்டும்தான். சுருதிப் பெட்டியைப் போட்டு, வாயை மூடி "ம்"முன்னு அதோட சேரச் சொல்லு. சேர்ந்த பிறகு அப்படியே வாயைத் திறந்தா "ஆ". அப்புறம் ச, ப, மேல் ச. இந்த மூணும் நிக்காம மத்த ஸ்வரத்துக்குப் போனா அஸ்திவாரம் இல்லாம மாடி கட்டற கதை. அம்மாக்கள் "இன்னும் சவே பாடறாளே"ன்னு கேட்பாங்க. ஆமாம்னு சொல்லு.

சுருதி எத்தனை கட்டை? பெண் குழந்தைன்னா 5, 5½னு ஒரு வழக்கம். வழக்கம்தான், சட்டமில்லை. முதல் நாள் அவளை இயல்பா ஏதாவது பாடச் சொல்லிக் கேளு. மேல் ச போகும்போது கழுத்து நரம்பு புடைச்சா அரைக் கட்டை இறக்கு. கீபோர்டு வீட்டுல இருக்கிற பிள்ளைக்குக் கணக்கு சொல்லி வை: 1 கட்டைன்னா சி, 5 கட்டைன்னா ஜி. இல்லேன்னா அப்பா ஆர்வத்துல வேற ஒரு சுருதியில சாதகம் பண்ண வச்சிருப்பார்.

ஏன் மாயாமாளவகௌளையில ஆரம்பிக்கிறோம்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும், பிள்ளைங்க கேட்பாங்க. புரந்தரதாசர் வகுத்த வழின்னு சொல்றது மரபு. அதுக்குள்ள ஒரு சௌகரியமும் இருக்கு. கீழ்ப்பாதி ச ரி க ம, மேல்பாதி ப த நி ச, ரெண்டுக்கும் இடைவெளி ஒரே அமைப்பு. ச-வுக்கும் ரி-க்கும் நடுவுல இருக்கிற நெருக்கம்தான் ப-வுக்கும் த-வுக்கும். கீழ்ப்பாதி நல்லாப் பிடிபட்ட பிள்ளைக்கு மேல்பாதி பாதி வந்தாச்சு. பிள்ளைங்க தடுமாறற இடம் ரி. ஸ்கூல் பிரேயரும் கீபோர்டும் கேட்டுக் கேட்டு, ரி-யைக் கொஞ்சம் தூக்கி சங்கராபரணத்துக்குப் போயிடுவாங்க. ச ரி ச, ச ரி ச-ன்னு அந்த ரெண்டை மட்டும் தனியா எடுத்து வேலை பாரு. முழு வரிசையைப் பத்துத் தடவை பாடறதை விட இது பலன் தரும்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம்: பிள்ளையோட கூடவே பாடாதே. உன் குரல் சுமந்துக்கிட்டுப் போகும், அவ மேல உட்கார்ந்து வருவா. நீ நிறுத்தினதும் தொபுக்கடீர்னு விழுவா. நீ ஒரு வரி பாடு, நிறுத்து. அவ பாடட்டும். உனக்குத் தாளம் மட்டும்தான் வேலை, வாய்க்கு இல்லை. நாலு பேர் இருந்தா ஒருத்தி பாட மூணு பேர் தாளம் போடட்டும், சுத்தி வரட்டும். கோரஸாப் பாடினா கேட்க நல்லா இருக்கும், ஆனா யார் சுருதி விலகினான்னு உனக்கே தெரியாது. ஹிந்தி கிளாஸ்லயும் எல்லாரும் சேர்ந்து ராகம் போட்டு வாசிக்கிறாங்களே, அங்கேயும் இதே கதைதான். ஒரு பிள்ளை உதடு மட்டும் அசைச்சுக்கிட்டிருக்கும்.

மூணு காலம் வர்ற இடத்துல கையைப் பாரு. முதல் காலத்துல ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், ரெண்டாவதுல ரெண்டு, மூணாவதுல நாலு. வாய்தான் வேகமாப் போகணும், கை போகக் கூடாது. பிள்ளைங்களுக்கு ரெண்டும் சேர்ந்தே ஓடும். முதல் சரளி வரிசையில 16 ஸ்வரம். முதல் காலத்துல ஆதி தாளம் ரெண்டு ஆவர்த்தனம், ரெண்டாம் காலத்துல ஒண்ணு, மூணாம் காலத்துல பாதி. இதைச் சொல்லிப் புரிய வைக்கறது கஷ்டம். அவ கையை நீ பிடிச்சுக்கோ, உன் கையால தாளத்தைப் போடு, அவ பாடட்டும். அப்புறம் மெதுவா விட்டுடு. தாளமே வராத பிள்ளைக்கு திருப்புகழ்லேர்ந்து ஒரு சந்தத்தை எடுத்துப் பாடாம வெறும் பேச்சாத் தாளத்தோட சொல்லவை. அருணகிரிநாதர் சந்தத்துக்கு நாக்கு பழகிட்டா கை தானாப் பின்னால வரும்.

ஜண்டை, தாட்டு, அலங்காரம் எல்லாம் உனக்குத் தெரியும், அங்கே நான் சொல்ல ஒண்ணுமில்லை. அலங்காரம் முடியாம கீதம் போகாதேன்னு மட்டும் சொல்லுவேன். மலஹரி கீதம் மாயாமாளவகௌளையோட அதே ஸ்வரங்கள்தான், ஆனா நி கிடையாது, க இறங்கும்போது மட்டும்தான் வரும். வரிசை பாடிப் பழகின வாய் அந்த நி-யைத் தேடும், ஏறும்போது க-வைப் பிடிக்கும். அந்த இடத்துல நிறுத்தி "எதைக் காணோம்?"னு கேளு. ராகம்னா என்னன்னு பிள்ளைக்கு முதல் தடவையாப் புரியறது அங்கேதான். விளக்கம் எல்லாம் வேண்டாம், கேள்வி ஒண்ணு போதும்.

சாகித்யம் எந்த மொழியானாலும், பாடறதுக்கு முன்னால அர்த்தத்தைத் தமிழ்ல கதையாச் சொல்லிடு. தெலுங்கும் கன்னடமும் சம்ஸ்கிருதமுமா ரெண்டு வருஷம் புரியாமப் பாடற பிள்ளைக்குச் சலிப்பு வர்றது நியாயம்தான். நடுவுல பாபநாசம் சிவன், பெரியசாமித் தூரன்னு எளிமையா ஒரு தமிழ்ப் பாட்டு, சின்னதா ஒரு தேவாரம் கொண்டு வா. சொல்லு புரிஞ்சதும் குரல்ல ஒரு தெம்பு வரும் பாரு.

நொட்டேஷன் எழுதறதைப் பத்திக் கேட்டிருந்தே. வர்ணம் வரைக்கும் போற பிள்ளைக்கு நோட்டு வேணும், மறுக்கலை. ஆனா நோட்டுல இருக்கிறது எலும்புதான், கமகம் அதுல இல்லை. மோஹனத்துல க எப்படி அசையுதுன்னு எந்த நோட்டும் சொல்லாது. பாடம் மனப்பாடம் ஆன பிறகு, மறக்காம இருக்கறதுக்காக எழுதிக்கிட்டா சரி. முதல்லயே எழுதிட்டா கண்ணு நோட்டுலயே நிக்கும், காது உன்கிட்ட வராது. எழுதறதை வீட்டு வேலையாக் குடு. நினைவுலேர்ந்து எழுதிக்கிட்டு வரட்டும். தப்பு எங்கேன்னு பார்த்தா பாடம் எங்கே பிடிபடலைன்னு உனக்குத் தெரிஞ்சுடும்.

விருந்தாளி வந்தா "பாடிக் காட்டு"ன்னு வீட்டுல நிர்பந்தம் இருக்கும். சரளி வரிசையை யார் உட்கார்ந்து கேட்பா? அதுக்குன்னு ஒண்ணு தயாரா வச்சிரு. முத்துஸ்வாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகள்ல பண்ணின நோட்டுஸ்வரங்கள் இருக்கே, சின்னது, துள்ளலானது, கமகம் இல்லாதது. சக்தி ஸஹித கணபதிம் ரெண்டு மூணு கிளாஸ்ல வந்துடும். சியாமளே மீனாக்ஷியைப் பாடினா "ஐயோ, இது ட்விங்கிள் ட்விங்கிள்!"னு பிள்ளைங்க குதிக்கும். கொலுவுக்கு அதுவே போதும்.

எப்போ திருத்தணும்

இதுல என் அபிப்பிராயம் கொஞ்சம் வேற மாதிரி, நீ ஒத்துக்கணும்னு இல்லை. சுருதி விலகினா உடனே நிறுத்துவேன். அந்தத் தப்பு காதுல தங்கிட்டா எடுக்கறது பெரும்பாடு. தாளம் தப்பினா வரி முடியற வரைக்கும் பொறுப்பேன். வார்த்தை தப்பினா பாட்டு முடியட்டும்னு விட்டுடுவேன். ஹிந்தியிலயும் இந்த வரிசைதான். உச்சரிப்பு உடனே. மேரா, மேரீ மாத்திச் சொன்னா திருத்தவே மாட்டேன். "மேரா கிதாப் கஹா(ன்) ஹை?"ன்னு கேட்டா, "ஓ, தும்ஹாரீ கிதாப்? யஹா(ன்) ஹை"ன்னு சரியான உருவத்துல பதில் சொல்லிட்டு நகர்ந்துடுவேன். காது எடுத்துக்கும். பேசும்போது நடுவுல வெட்டி வெட்டித் திருத்தினா அந்தப் பிள்ளை வாயை மூடிக்கும். பேசாத பிள்ளைக்கு எதைத் திருத்தறது?

ஒரு தடவைக்கு ஒரு திருத்தம். ரி சரியில்லை, தாளம் ஓடுது, வாயைத் திற, நிமிர்ந்து உட்காருன்னு நாலையும் ஒரே மூச்சுல சொன்னா ஒண்ணும் நடக்காது.

வீட்டுல பத்து நிமிஷம்

ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்றதை விட தினம் பத்து நிமிஷம் மேல். காலையில ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்கு முன்னால முடிஞ்சா ரொம்ப நல்லது. இதைச் சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க, அதனால வாட்ஸ்அப்பைப் பயன்படுத்திக்கோ. தினம் ஒரு நிமிஷ ஆடியோ. பாட்டுப் பிள்ளைக்கு ஒரு வரி, ஹிந்திப் பிள்ளைக்கு இன்னிக்கு என்ன சாப்பிட்டேன்னு மூணு வாக்கியம். அனுப்பறதுக்கு முன்னால தன் குரலைத் தானே கேட்கணும்கிறது நிபந்தனை. சுருதி சேரலைன்னு நீ பத்துத் தடவை சொன்னாலும் உறைக்காதது, தானே ஒரு தடவை கேட்டா உறைக்கும். எல்லா ஆடியோவுக்கும் நீ நீளமாப் பதில் போடணும்னு இல்லை. ஒரு வார்த்தை போதும், ஆனா தினம் போடணும். அப்பா அம்மாவை வீட்டுல திருத்தச் சொல்லாதே. பாடறப்போ டிவியை நிறுத்தச் சொன்னாப் போதும்.

வெளியூர்ப் பிள்ளைக்கு ஆன்லைன்ல எடுக்கறதா இருந்தா ரெண்டு விஷயம் முன்கூட்டியே தெரிஞ்சுக்கோ. சத்தம் தாமதமாப் போறதால ரெண்டு பேரும் சேர்ந்து பாடவே முடியாது, தாளமும் ஒத்துவராது. பிள்ளை தன் பக்கத்துல தன் சுருதியைப் போட்டுக்கிட்டு, தானே தாளம் போட்டுப் பாடட்டும். நீ மைக்கை அணைச்சுட்டுக் கேளு. அடுத்தது, இந்தச் செயலிகள் ஒரே மாதிரி ஓடற தம்பூரா சத்தத்தை ஃபேன் சத்தம்னு நினைச்சு வெட்டிடும். ஜூம்ல "ஒரிஜினல் சவுண்ட்"னு ஒரு வசதி இருக்கும், அதைப் போட்டுக்கச் சொல்லு. ஹிந்திக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆன்லைன்ல நல்லாவே நடக்கும். டிஷ்யூ பேப்பர் வித்தை கேமராவுல இன்னும் நல்லாத் தெரியும்.

குரல் உடையற பையன்கள்

பன்னிரண்டு, பதிமூணு வயசுல பையன்கள் பாட்டை விடற இடம் இது. நேத்து 5 கட்டையில பாடினவன் இன்னிக்கு மேல் ச-வைத் தொட்டா கீச்சுன்னு பிளக்கும். பக்கத்துல உட்கார்ந்த பெண் பிள்ளைங்க சிரிக்கும். அடுத்த வாரம் வர மாட்டான். அவனைத் தனி நேரத்துக்கு மாத்து. சுருதியைப் படிப்படியா இறக்கு. 1, 1½ கட்டை பக்கம் வந்து நிக்கலாம், அதுக்கு மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் மேல் ஸ்தாயி பக்கம் போகாதே. கத்திப் பாடவும் விடாதே, கள்ளக்குரல்ல ஒப்பேத்தவும் விடாதே. அந்தக் காலத்துல தாளக் கணக்கு, ராகம் கண்டுபிடிக்கிற விளையாட்டு, பழைய பாடத்தைக் கீழ்ச் சுருதியில மெதுவாப் பாடறதுன்னு ஓட்டு. அவங்க அம்மாகிட்டயும் இது சாதாரணம்னு சொல்லி வை. சளி பிடிச்ச பிள்ளைக்கும் அப்படித்தான், பாட வேண்டாம், உட்கார்ந்து கேட்கட்டும்.

காசு, கதவு

மாசா மாசம் இந்தத் தேதிக்குள்ள ஃபீஸ், பிள்ளை வராத கிளாஸுக்கு ஈடு உண்டா இல்லையா, நீ லீவ் போட்டா என்ன, முழுப் பரீட்சை வர்ற மார்ச்ல என்ன, எல்லாத்தையும் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிடு. ஒரு காகிதத்துல எழுதியும் குடு. வித்தைக்குக் காசு கேட்கக் கூச்சப்பட்டா மார்ச்லயும் ஏப்ரல்லயும் உன் பாடுதான் திண்டாட்டம். உறவுக்காரப் பிள்ளைக்குக் குறைக்கணும்னு தோணினா குறை, சும்மா மட்டும் வேண்டாம். சும்மா வர்ற பிள்ளை வாரத்துல ரெண்டு நாள் வராது.

கூடத்துக் கதவு திறந்தே இருக்கட்டும். பெத்தவங்க உட்கார விரும்பினா வெளித் திண்ணையிலயோ ஹால் கோடியிலயோ நாற்காலி போடு. ஆனா கிளாஸ் நடக்கும்போது அங்கேயிருந்து குரல் குடுக்கக் கூடாதுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடு. அக்கா தங்கை ரெண்டு பேரும் வந்தா ஒரே பாடத்துல வைக்காதே. சின்னது சீக்கிரம் பிடிச்சுக்கிட்டா பெரியது அதோட நின்னுடும். வேற வேற பாட்டு குடு, ஒருத்தருக்கு இன்னொருத்தர் தாளம் போடட்டும்.

அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிற அம்மாக்களை மட்டும் கவனிச்சுக்கிட்டே இரு. பிள்ளைக்கு முன்னால அவங்களுக்குப் பாடம் வந்திருக்கும், உதடு அசையும். கேட்டா "இந்த வயசுல எனக்கு எதுக்கு"ம்பாங்க. வீட்டு வேலை ஓயற பதினோரு மணிக்கு அவங்களுக்குன்னு ஒரு நேரம் வை. பெரியவங்களுக்குக் காரணம் சொல்லணும், பிள்ளைங்களை மாதிரி சொன்னதைத் திருப்பிச் சொல்ல மாட்டாங்க. ஏன் ரி இங்கே, ஏன் "னே" அங்கேன்னு கேட்பாங்க, சொல்லு. தனியாப் பாடக் கூச்சப்பட்டா முதல் மாசம் ரெண்டு ரெண்டு பேராப் பாடவிடு. சுருதியைப் பிள்ளையோட 5 கட்டையிலயே போட்டு வைக்காதே, குரல் எங்கே சௌகரியமா நிக்குதோ அங்கே இறக்கு. சிநேகிதி ஆயிட்டாங்கன்னு ஃபீஸை விட்டுடாதே. பிள்ளைக்கு வாங்கற அதே தொகையை வாங்கிக்கோ.